வேரின் கீறலும் கத்தியின் கீறலும்

புதைத்த இடத்தோடு எல்லாம் முடிந்துவிட்டதென்று எண்ணுவது மக்கள் வழக்கம். மண்ணைத் தள்ளி, மேட்டைத் தட்டி, பாலைத் தெளித்து, திரும்பிப் பாராமல் வீடு வந்து சேர்ந்தால், இறந்தவனுக்கும் உலகுக்கும் இருந்த கணக்குத் தீர்ந்ததென்று கொள்கிறோம். உண்மையிலோ அங்கேதான் வேறொரு வேலை தொடங்குகிறது. மேட்டின்மேல் முளைத்த புல்லும், அடுத்து நிற்கும் மரமும் தம் வேர்களை மெல்ல மெல்லக் கீழே இறக்குகின்றன. சில ஆண்டுகளில் அவ்வேர்கள் எலும்பைத் தொடுகின்றன. தொட்ட இடத்தில் ஒரு கோடு விழுகிறது. பிற்காலத்தில் எவரேனும் அவ்வெலும்பைத் தோண்டி எடுத்துக் கழுவிப் பார்த்தால், அதன்மேல் கிளைகிளையாய்ப் பிரிந்தோடும் ஓடைகள் போன்ற கீறல்களைக் காண்பர். மேலிருந்து பார்த்தால் ஆறும் கிளையாறுகளும் தெரிவதுபோல் அது தோன்றும்.

இதனை ஒரு வேடிக்கைச் செய்தியாகக் கூறிவிட்டுச் செல்ல நாம் விரும்பவில்லை. இக்கீறல்களுள் மக்கள் வாழ்க்கையைப் பற்றிய ஒரு பெருங்கேள்வி அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. அதற்கு முன், வேர் எவ்வாறு எலும்பைக் கீறுகிறது என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும்.

வேர் மண்ணுள் சும்மா கிடப்பதன்று. அதன் நுனியிலிருந்து ஒருவகைப் புளிப்பு நீர் இடையறாது கசிந்துகொண்டிருக்கும். எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலமும், வேறு சில அமிலங்களும் அதில் உண்டு. வேர் மூச்சாக விடும் கரியமிலவாயுவும் மண்ணின் ஈரத்தோடு கலந்து மெல்லிய அமிலமாகிறது. வேரோடு கூடி வாழும் பூஞ்சைகளும் இத்தொழிலில் துணை செய்கின்றன. எலும்போ, தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒருவகை உப்பினால் ஆனது. அமிலம் பட்டால் அவ்வுப்புக் கரையும். கரைந்ததை வேர் உறிஞ்சிக்கொள்ளும். 1860ஆம் ஆண்டையொட்டி யூலியஸ் ஸாக்ஸ் என்னும் ஜெர்மன் தாவரநூலார் மெருகிட்ட சலவைக்கல் பலகையின்மேல் மண்ணைப் பரப்பி அதில் செடிகளை வளர்த்தார். பிறகு பலகையை எடுத்துப் பார்த்தபோது வேர்கள் ஓடிய வழியெல்லாம் கல்லில் பதிந்திருந்தது. கல்லையே கீறும் வேருக்கு எலும்பு எம்மாத்திரம்?

தோட்ட அலுவலகத்தில் உரக்கணக்கு எழுதும் நம் போன்றோர்க்கு இதில் வியப்பொன்றுமில்லை. கன்று நடும் குழியில் ராக் பாஸ்பேட் போடுகிறோம். மூட்டை இத்தனை, ஏக்கருக்கு இத்தனை என்று ஏட்டில் பதிகிறோம். எலும்புத்தூள் உரத்தை அறியாத தோட்டக்காரரும் இல்லை. இரண்டிலும் இருப்பது ஒரே மணிச்சத்துத்தான். கிறிஸ்மஸ் தீவிலிருந்து வந்த பாறைத்தூளைத் தின்ற வேரே, கிடைத்தால் பாட்டனின் முழங்கால் எலும்பையும் தின்னும். அதற்கு இரண்டும் ஒன்றே.

இனி, இக்கீறல்களைப் படிக்கும் கலையைப் பற்றிச் சிறிது கூறுவோம். எலும்பின்மேல் காணும் கோடு எல்லாம் வேர் இட்டதன்று. கத்தி பட்டால் கோடு விழும். நரி கடித்தால் விழும். எலி கொறித்தால் விழும். உயிரோடிருந்தபோது குருதிக்குழாய் கிடந்த பள்ளமும் கோடாகத் தோன்றும். வேரின் கீறல் வளைந்து வளைந்து செல்லும், கிளை விடும், அதன் அடி உருண்டு, ஓடையின் படுகைபோல் இருக்கும். கத்தியின் கீறல் பெரும்பாலும் நேராக ஓடும். அதன் அடி கூராக, ஆப்பு இறக்கியதுபோல் இருக்கும். உருப்பெருக்காடி கொண்டு நோக்கினால் வேற்றுமை தெளிவாகும். உருப்பெருக்காடி கொள்ளாமல் அவசரப்பட்டோர் வேரின் கீறலைக் கண்டு, இது ஆதிமனிதன் செதுக்கிய சித்திரம் என்றும், இது நரமாமிசம் தின்றோர் அறுத்த தடம் என்றும் மயங்கியதுண்டு. மற்றொன்றும் உண்டு. எலும்பு ஒடிந்திருந்தால், ஒடிந்த முகத்தின்மேலும் வேரின் கோடு ஓடியிருக்கிறதா என்று பார்ப்பர். ஓடியிருந்தால் ஒடிவு பழையது. வேர் வருமுன்பே நேர்ந்தது. ஒடிந்த முகம் வெளுத்து, கோடின்றி இருந்தால் தோண்டியவனின் மண்வெட்டியே குற்றவாளி. இவ்வாறு எது முன், எது பின் என்று நிரல்படுத்தவும் வேர் உதவுகிறது. உடல் மண்ணுக்குள் சென்றபின் அதற்கு நேர்வன யாவற்றையும் ஆராய்வதற்கென ஒரு தனி நூல்துறையே உண்டு. அதற்குப் பெயரிட்டவர் எஃப்ரேமோவ் என்னும் ரஷிய அறிஞர், ஆண்டு 1940.

இப்பொழுது கேள்விக்கு வருவோம். வேர் நம் முன்னோர் எலும்பைத் தின்பது அவர்க்கு இழுக்கா?

இழுக்கென்று கருதுவோர் பலர். அவர்கள் புதைகுழியைச் சிமிட்டியால் கட்டுகின்றனர். சுற்றி நிற்கும் மரத்தை வெட்டுகின்றனர். வேறு சிலர் குழியின்மேல் மரமே நட்டு, இறந்தவன் இதில் தழைக்கிறான் என்று ஆறுதல் அடைகின்றனர். இவ்விரு திறத்தாரும் நினைக்கத்தக்க ஒரு நிகழ்ச்சி அமெரிக்காவில் உண்டு. ரோடு ஐலண்டு நாட்டை நிறுவியவர் ரோஜர் வில்லியம்ஸ். மனச்சாட்சிக்கு அரசன் விலங்கிடலாகாது, மதத்தையும் அரசையும் கலத்தலாகாது என்று அக்காலத்திலேயே முழங்கி, அதற்காக நாடு கடத்தப்பட்டவர். 1683ஆம் ஆண்டில் அவர் இறந்தார். 1860ஆம் ஆண்டில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பவேண்டிக் குழியைத் தோண்டியபோது எலும்பு கிட்டவில்லை. ஓர் ஆப்பிள் மரத்தின் வேர் கிட்டியது. தலை இருந்த இடத்தில் நுழைந்து, முதுகின் வழியே இறங்கி, இடுப்பில் இரண்டாகப் பிரிந்து, முழங்காலில் வளைந்து, பாதத்தில் நிமிர்ந்திருந்ததாம் அவ்வேர்! அதனை எடுத்துப் பெட்டியிலிட்டுக் காத்தனர். பிராவிடன்ஸ் நகரத்துக் காட்சிச்சாலையில் அது இன்றும் இருக்கிறது. உருவ ஒற்றுமையைக் கண்டோர் கண்ணுக்கு ஆசையும் சிறிது துணை செய்திருக்கலாம், அது கிடக்கட்டும். அவருடைய உடலை ஆப்பிளாகப் பறித்து எத்தனை பேர் தின்றனரோ! அதனால் அவர் பெருமையில் ஒரு கடுகளவும் குறையவில்லை.

ஆகவே வேர் தின்பதில் இழுக்கொன்றுமில்லை என்பதே நம் கொள்கை. வேருக்கு எண்ணமில்லை, எண்ணமில்லாதது அவமதிக்க இயலாது.

ஆனால் அதே எலும்பு கைபட்டுச் செல்லும்போது கதை மாறுகிறது. 1815ஆம் ஆண்டில் வாட்டர்லூவில் பெரும்போர் நடந்து பல்லாயிரவர் மாண்டனர். 1822ஆம் ஆண்டில், ஐரோப்பாவின் போர்க்களங்களிலிருந்து மனித எலும்புகளும் குதிரை எலும்புகளும் கப்பல் கப்பலாக இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்துக்கு வந்து, ஆலைகளில் அரைபட்டு, வயலுக்கு உரமாயின என்று அந்நாட்டுச் செய்தித்தாள்கள் எழுதின. அவ்வளவு பேர் மாண்ட அக்களத்தில் இதுகாறும் அகப்பட்ட எலும்புக்கூடுகள் விரல்விட்டு எண்ணத்தக்கன. வேர் செய்ததும் ஆலை செய்ததும் வேதிநூலின்படி ஒன்றேயாகும். பயிருக்கு மணிச்சத்துக் கிடைத்தது. எனினும் ஒன்றைக் கேட்டு வாளாவிருக்கிறோம். மற்றொன்றைக் கேட்டு முகம் சுளிக்கிறோம். ஏன்? ஆலையில் ஒருவன் எடை போட்டான். ஒருவன் விலை கூறினான். ஒருவன் இது யாருடையது என்று கேளாதிருக்க முடிவு செய்தான். கை இருந்தது. கை இருக்கும் இடத்தில் பொறுப்பும் உண்டு.

தோழர்களே, நாம் இத்தனை சுற்றி வந்தது இந்த இடத்தை அடைவதற்கே. எது இயற்கையின் கீறல், எது கையின் கீறல் என்று பிரித்தறிவதைக் காட்டிலும் இன்றியமையாத அறிவு தொழிலாளர் கூட்டத்துக்கு வேறு யாது? ஏழை மாண்டால் "விதி" என்று கூறும் பழக்கம் நம்மிடத்தில் வேரூன்றிக் கிடக்கிறது. விதி என்பது, வேரின் கீறல் என்று கூறுவதற்கு மறுபெயரே. எவரும் செய்யவில்லை, தானே நேர்ந்தது, ஆகையால் எவரையும் கேட்பதற்கில்லை. இத்தீர்ப்பை எழுதுமுன் உருப்பெருக்காடியைக் கொணரவேண்டாமா?

நம் சிலாங்கூரையே எடுத்துக்கொள்வோம். 1901ஆம் ஆண்டில் கிள்ளானிலும், அப்போதுதான் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் மலேரியாக் காய்ச்சல் கொள்ளை கொண்டது. இன்று அத்துறைமுகத்தைக் கிள்ளான் துறைமுகம் என்கிறோம். சதுப்பு நிலத்தின் கெட்ட காற்று, தேசத்தின் தன்மை, கூலிகளின் தலையெழுத்து என்று கூறிக் கைவிட்டிருக்கலாம். கிள்ளான் வைத்தியரான மால்கம் வாட்சன் அவ்வாறு விடவில்லை. கொசுவே நோயைச் சுமக்கிறதென்று இந்தியாவில் ரொனால்டு ராஸ் 1897ஆம் ஆண்டில் கண்டிருந்தார். அதனை நம்பி வாட்சன் சதுப்பை வடித்தார், கால்வாய் வெட்டுவித்தார். காய்ச்சல் இறங்கிற்று, சாவும் குறைந்தது. அதுவரையில் தலையெழுத்து என்றிருந்தது, வெட்டாத கால்வாய் என்று விளங்கிற்று.

மேட்டுத் தோட்டங்களின் கதை இதனினும் கொடியது. அடர்ந்த காட்டின் நிழலில் ஓடிய சிற்றோடையில் அந்நோய்க் கொசு வளர்வதில்லை. ரப்பர் நடுவதற்காகக் காட்டை அழித்து, ஓடையை வெயிலுக்குத் திறந்துவிட்டபோது, தெளிந்த நீரையும் வெயிலையும் நாடும் ஒருவகைக் கொசு அங்கே பெருகியது. அவ்வோடைக்கு அருகில் கூலி லயம் கட்டப்பட்டது. முதல் மழையிலேயே குழந்தைகள் விழுந்தனர். கொசு இயற்கை, காய்ச்சல் இயற்கை, ஆனால் வெயில் அங்கே தானாக வந்ததன்று.

பெரிபெரி நோயும் அத்தகையதே. ஈயச் சுரங்கச் சீனர் பலரை அது மாய்த்தது. கிறிஸ்மஸ் தீவில் நம் பாஸ்பேட்டை வெட்டி எடுத்த சீனத் தொழிலாளர் நூற்றுக்கணக்கானோர் 1900க்குப் பின்வந்த சில ஆண்டுகளில் அதனாலேயே மாண்டனர். கோலாலம்பூர்ப் பித்தர் மருத்துவமனையில் 1905ஆம் ஆண்டு தொடங்கி பிளெட்சர் என்னும் வைத்தியர் ஒரு சாராருக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றொரு சாராருக்குப் புழுங்கலரிசியும் இட்டு நோக்கினார். நோய் பச்சரிசி உண்டோரையே பற்றியது. புழுங்கலரிசிச் சோற்றை விடாத நம்மவர்க்கு அந்நோய் அரிதாயிருந்த காரணமும் அப்பொழுது வெளிப்பட்டது. அரிசியை வெள்ளை வெளேரென்று தீட்டிய ஆலையின் கை அங்கே இருந்தது. வேண்டுமென்று செய்த கொலையன்று, ஆயினும் கைதான்.

சயாம் மரண ரயிலைப் பற்றிக் கூறாமல் மேற்செல்லல் இயலாது. 1942 முதல் 1943 அக்டோபர் வரையில் ஜப்பானியர் பர்மாவுக்கு இட்ட 415 கிலோமீட்டர்ப் பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000க்கு மேற்பட்ட தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். போனவர் எத்தனை பேர், திரும்பியவர் எத்தனை பேர் என்று நம் பழந்தோட்டங்களின் லயங்களைக் கேட்டால் தெரியும். கைதான வெள்ளைப் போர்வீரருக்குக் காஞ்சனபுரியில் ஒழுங்கான இடுகாடு உண்டு, ஏறக்குறைய 7,000 பேர் அங்கே வரிசையாகக் கிடக்கின்றனர், புல் கத்தரித்திருக்கிறது, கல்லில் பெயர் வெட்டியிருக்கிறது. நம்மவர்க்கு அவ்வாறு வரிசையுமில்லை, பெயருமில்லை. 1990ஆம் ஆண்டு நவம்பரில் அந்நகர்ப்புறத்தில் ஒரே குழியில் நூற்றுக்கணக்கானோர் எலும்புகள் கிட்டின. அவை ஆசியத் தொழிலாளருடையவை என்று கருதினர். அண்மை ஆண்டுகளில்தான் அவ்வூரில் தமிழர் நினைவாக நடுகல் ஒன்று எழுந்தது.

அவ்வெலும்புகளை உருப்பெருக்காடி கொண்டு நோக்கினால் என்ன காண்போம்? காலராவில் மாண்டவன் எலும்பில் காலராவின் தடம் இராது. வயிற்றுப்போக்கில் மாண்டவன் எலும்பில் அதன் தடம் இராது. மழையில் கூரையின்றிக் கிடந்ததற்கும், மருந்தின்றித் துடித்ததற்கும் எலும்பில் கோடு விழுவதில்லை. வேரின் கீறல் மட்டுமே இருக்கும். அதனைக் கொண்டு, இங்கே கத்தி படவில்லை, ஆகவே கொலை நடக்கவில்லை என்று தீர்ப்புக் கூறுவானாயின் அவன் அறிஞனல்லன். எலும்பு நல்ல சாட்சி. ஆனால் கேட்காத கேள்விக்கு அது விடை கூறாது. எலும்பு கூறாததைக் கூறவேண்டியது ஏடு.

இங்கே பகுத்தறிவாளர் சிலர் நம்மைத் தடுத்துக் கேட்கக் கூடும்: உடல் என்பது வெறும் பொருள் என்று ஒப்புகிறீர், வேர் தின்பதில் இழுக்கில்லை என்கிறீர், பின் எலும்பைப் பற்றி இத்துணை வருந்துவானேன்? தக்க கேள்வியே. எலும்பு புனிதமானது என்று நாம் கூறவில்லை. அதற்குப் படையலிட்டால் இறந்தவன் பசி தீருமென்றும் கூறவில்லை. ஒருவன் இருந்தான், இவ்வாறு வாழ்ந்தான், இவ்வாறு மாண்டான் என்பதற்கு அது சான்று. சான்றை மதிப்பது வேறு. பொருளை வழிபடுவது வேறு. நீதிமன்றத்துப் பத்திரத்தைக் கறையான் தின்னலாகாதென்று கூறுபவன் காகிதத்தை வழிபடுபவன் ஆகமாட்டான்.

நம் ஊர் மண்ணோ இச்சான்றைக் காப்பதன்று. ஸ்ரீ கெம்பாங்கானில் குடியிருப்போர்க்கு இதனை நன்கு விளக்கலாம். அடுத்துள்ள செர்டாங்கில் 1931ஆம் ஆண்டில் விவசாயப் பள்ளி தோன்றி, 1971ஆம் ஆண்டில் பல்கலைக்கழகமாயிற்று. மலேசிய மண்வகைகளுள் ஒன்றுக்கு அவ்வூரின் பெயரையே இட்டு, செர்டாங் மண் என்று வழங்குவர். அமிலக் கணக்கில் 7 நடுநிலை என்றால் இம்மேட்டு நிலங்கள் 4க்கும் 5க்கும் இடையில் நிற்கும். அத்தகைய மண்ணில், மழை ஓயாத இந்நாட்டில், எலும்பு நெடுநாள் நில்லாது. வேர் கோடு இழுக்கிறது. பிறகு கோட்டோடு பலகையும் கரைந்துபோகிறது. சுண்ணாம்புப் பாறைக் குகையிலோ நிலைமை வேறு. பேராக்கில் லெங்கோங் பள்ளத்தாக்கின் குகையொன்றில் 1991ஆம் ஆண்டில் சுராய்னா மஜீத் அம்மையார் குழுவினர் கண்ட பேராக் மனிதன் ஏறக்குறைய 10,000 ஆண்டுக்கு முற்பட்டவன். பிறவியிலேயே இடக்கையும் விரல்களும் குறைபட்டவன். கால்களை மடக்கி, கல் ஆயுதங்களும் இரையும் உடன்வைத்து அவனைப் புதைத்திருந்தனர். குறைபட்ட கையோடு பிறந்த ஒருவனை நடுவயது கடக்கும் வரையில் உடன் வைத்துப் பேணிய மக்கள் அவர்கள் என்பது எலும்பினாலேயே விளங்குகிறது. அவனுடைய கைவிரல் குறுகியிருந்ததை நாம் அறிவோம். நூறு ஆண்டுக்கு முன் இவ்வட்டாரத்தில் பால் மரம் வெட்டியவன் கையைப் பற்றி ஒன்றும் அறியோம்.

அவன் கிடந்த நிலமும் இப்பொழுது பழைய நிலமன்று. உலகிலேயே பெரியதெனப் பேர்பெற்ற ஈயலம்பம் இவ்வூரின் அருகில் ஏரியாகி, அதன் கரையில் கடைகளும் விடுதிகளும் எழுந்தன. 1921ஆம் ஆண்டில் தோன்றிய பேராங் புசார் தோட்டமும் அதைச் சூழ்ந்த தோட்டங்களும் 1990களில் புத்ராஜெயாவாயின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடுகள் வந்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் தோட்டத்து இடுகாடு என்று ஒன்று இடையில் நிற்கும். கோவிலுக்கு வழக்காடுவோர் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு வழக்காடுவோர் உண்டு. லாலாங் புல் மூடிய மேட்டுக்கு வழக்காட எவர் வருவர்?

உயிரோடிருப்போர்க்கு வீடில்லாத நாட்டில் இறந்தோர்க்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டுமென்று நாம் கேட்கமாட்டோம். அவ்வாறு கேட்பது, கூரையின்றி மாண்டவனுக்கே செய்யும் துரோகம். மண்வாரி இயந்திரம் வரட்டும், வீடு எழட்டும். ஆனால் வருமுன் ஒரு வாரம் பொறுத்து, எங்கே எவர் கிடக்கின்றனர் என்று அறிந்த கிழவர்களை அழைத்து, மேட்டுக்கு மேடு நடந்து, பெயரை எழுதிக்கொள்ள ஒருவரை அனுப்பினால் எவர் நட்டமடைவர்? இயந்திரத்தின் பற்கள் எலும்பில் இடும் கோடு கூரான கோடு. அதனை வேரின் கணக்கில் எழுத இயலாது.

இதில் கிராணிமாருக்கு மற்றவரினும் கூடுதல் பங்குண்டு. பெரட்டுக்கு நின்றவன் பெயரும், நின்ற நாளும், பெற்ற கூலியும், நின்றுபோன நாளும் நம் கையெழுத்தில்தான் இருந்தன. செக்ரோலில் ஒரு பெயரின்மேல் கோடு இழுப்பது அரை விநாடி வேலை. அக்கோடு வேரின் கோடு போல் எண்ணமின்றி விழுந்ததா, கத்தியின் கோடு போல் அறிந்து விழுந்ததா என்று பின்வருவோர் கேட்டால், ஏட்டின் ஓரத்தில் மூன்று சொற்களாவது இருக்கவேண்டும்: ஊர், வயது, நோய். பழைய தோட்டங்கள் சிலவற்றில் அத்தகைய ஏடுகள் இன்னும் அலமாரிகளில் கிடக்கின்றன. அலுவலகம் இடம் மாறும்போதெல்லாம் அவற்றுள் ஒரு பகுதி நெருப்புக்குச் செல்கிறது. எஞ்சியதைக் கறையான் பார்த்துக்கொள்கிறது. சென்ற ஆண்டின் உரக்கணக்கையோ தணிக்கையாளருக்கு அஞ்சி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறோம்.